எதிர்ப்பு சக்தி பவுடருக்காக மூட்டுவாதக் குளிசைய நிப்பாட்டாதீங்க

இந்த மாசத்துல இது மூணாவது ஆள். ஹட்டன் பக்கத்து தோட்டத்துல கொழுந்து எடுக்கிற அக்கா, ரெண்டு கையும் மொளி மொளியா வீங்கி, பெருவிரலயும் ஆள்காட்டி விரலயும் சேத்து ஒரு கொழுந்த நுள்ள முடியாம வந்தாங்க. ருமட்டொயிட் மூட்டுவாதம், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே சொந்த மூட்ட தாக்குற வியாதி, நல்லா கன்ட்ரோல்ல இருந்தவங்க. கிளினிக் கொப்பிய வாங்கிப் பாத்தா மூணு மாசமா வரவே இல்ல. பையில இருந்து ஒரு டின்ன எடுத்து மேசையில வச்சாங்க. "அந்தக் குளிசை எதிர்ப்பு சக்திய கொறைக்குதாமே டொக்டர், அதான் நிப்பாட்டிட்டு இத குடிக்கிறேன்."

எனக்கு மனசே விட்டுப்போச்சு.

எதிர்ப்பு சக்திங்கிறது கொறஞ்சா ஊத்தி நிரப்புற தண்ணி டேங்க் இல்லங்க. அது செல்லுக்கு செல் சேதி அனுப்புற வேலை, அந்த சேதிக்குப் பேர் சைட்டோகைன். அதுல ஒண்ணான இன்டர்லூகின்-6 வந்து செல்லுக்கு வெளிய சேதிய வாங்குற ஏற்பியில ஒட்டினா உள்பக்கம் ஜாக் என்சைம் முழிச்சிக்கும், அது ஸ்டாட் புரதத்துல பொஸ்பேட்ட ஒட்டிவிடும், ஸ்டாட் ஜோடி சேந்து செல்லோட உட்கருவுக்குள்ள போய் டிஎன்ஏல உக்காந்து ஜீன்கள ஓன் பண்ணும், எல்லாம் நிமிஷக் கணக்குல. ஓன் ஆகுற ஜீன்கள்லயே சொக்ஸ்னு ஒரு பிரேக்கும் இருக்கு, அது ஜாக்க அடக்கும், கிருமி போனதும் எல்லாம் அடங்கிரும். இந்த அக்காவுக்கு கிருமியே இல்லாம சேதி ராப்பகலா வந்துகிட்டே இருக்கு, மூட்டுச் சவ்வு வீங்கி எலும்ப அரிக்குது. விடியக்காலையில இன்டர்லூகின்-6 கூடுறதாலதான் பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற இடத்துக்குப் போற நேரத்துல விரல் மடங்க மாட்டேங்குது. ஏற்கனவே கூடிப்போனத இன்னும் கூட்டி என்ன செய்யப்போறீங்க? இன்னொன்னு, இப்படியான மூட்டுவலி சாமான்கள்ல ஸ்டீரொயிட் கலந்திருந்து வெளிநாடுகள்ல பிடிபட்டிருக்கு.

மூட்டுவாதத்துக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் குளிசை கிழமைக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டா எலும்பு மஜ்ஜை அடிபட்டு உயிருக்கே ஆபத்து, அந்த நாள கொப்பியில பெரிசா எழுதி வைங்க. காய்ச்சல் வந்தா அந்தக் கிழமை போடாம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. பிள்ளை பெத்துக்க யோசிக்கிற தங்கச்சிமாரு முன்கூட்டியே சொல்லிருங்க, அது வயித்துப் பிள்ளைக்கு ஆகாத மருந்து. பிரெட்னிசலோன்னு ஸ்டீரொயிட் குளிசை குடுத்திருந்தா அத ஒரேயடியா நிப்பாட்டவே கூடாது.

கிளினிக் வந்தா ஒரு நாள் சம்பளம் போயிரும்னு தெரியும். வர முடியலன்னா குளிசைய எடுத்துப்போக வீட்ல யாரையாவது கொப்பியோட அனுப்பலாமான்னு கிளினிக்ல கேளுங்க, தயவுசெஞ்சு நீங்களா நிப்பாட்டாதீங்க.

அக்காவுக்கு ரத்தம் பாத்துட்டு திரும்ப ஆரம்பிச்சிருக்கோம். வீக்கம் வத்த 6 முதல் 12 கிழமை எடுக்கும். வலது கையில கோணிப்போன நடுவிரல் இனி நேராகாதுன்னு சொல்லத்தான் வேண்டியிருந்துச்சு.