கண்ட்ரோல் வேரியபிள்: கட்டுப்பாட்டு மாறியா, சமன்செய் மாறியா?

ஒன்றின் பலனை அளக்கும் ஆய்வில், குறுக்கே வந்து குழப்பாதபடி கணக்கில் எடுத்துக்கொள்ளும் மற்றொரு காரணிதான் 'கண்ட்ரோல் வேரியபிள்'. அதைத் தமிழில் 'கட்டுப்பாட்டு மாறி' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. இரண்டு செடிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, உரத்தை மட்டும் மாற்றுகிறோம். தண்ணீர் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் பல மாநிலங்களின் பல ஆண்டுத் தரவை வைத்து ஒரு கொள்கையின் பலனை அளக்கும்போது எதுவும் நம் கையில் இல்லை. எல்லாம் நடந்து முடிந்தவை.

சொல்லின் வேரைப் பார்த்தால் வேறு பொருள் கிடைக்கிறது. இடைக்கால லத்தீனில் 'கான்ட்ரா' எதிர், 'ரோட்டுலஸ்' சுருள். ஒருவர் எழுதும் கணக்குச் சுருளைச் சரிபார்க்க, அதே கணக்கை இன்னொரு சுருளிலும் எழுதி வைப்பார்கள். இரண்டையும் ஒத்துப்பார்த்தால் பிசகு தெரிந்துவிடும். அந்த எதிர்ச்சுருள்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கண்ட்ரோல்' ஆனது. அடக்கி ஆளுதல் என்ற பொருள் பிற்பாடு வந்தது.

மாற்றம் எதுவும் செய்யாமல் ஒத்துப்பார்ப்பதற்காக வைத்திருக்கும் 'கண்ட்ரோல் குரூப்' என்பதில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்றால், எதையோ கட்டுப்படுத்த அரசு அமைத்த குழு என்றே நமக்குப் படும். 'ஒப்பீட்டுக் குழு' என்பதே பொருத்தம். 'கண்ட்ரோல் வேரியபிள்' என்ற மாறியின் வேலை, ஒப்பிடப்படும் இரு தரப்புக்கும் இடையே ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வைக் கணக்கில் சமன் செய்வது. ஆகவே 'சமன்செய் மாறி' என்பேன்.

அமெரிக்காவின் மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு அது. மிச்சிகன் 2014 ஏப்ரலிலும், பென்சில்வேனியா 2015 ஜனவரியிலும், லூசியானா 2016 ஜூலையிலும் விரிவாக்கின. டெக்சஸ் விரிவாக்கவே இல்லை. இப்படி முன்பின்னாக அமலாகும்போது 'வேறுபாட்டின் வேறுபாடு' ஆய்வு செய்வார்கள். அதாவது, கொள்கை வந்த மாநிலத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள மாற்றத்தை, வராத மாநிலத்தின் மாற்றத்தோடு ஒப்பிடுவது. இதில் 2015இல் பென்சில்வேனியாவுக்கு, இன்னும் விரிவாக்காத லூசியானா ஒப்பீட்டு மாநிலம். 2017இல் லூசியானாவும் விரிவாக்கிவிட்டதால் அந்தத் தகுதியை இழந்துவிடும்.

மக்களின் மருத்துவக் கடன் குறைந்ததா என்று பார்க்கிறோம். எதைச் சமன் செய்வது? மாநிலத்தின் பரப்பளவு போல மாறாதவற்றை மாநில நிலைவிளைவே (ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய மாறாத தன்மைகளை மொத்தமாகக் கழித்துவிடும் கணக்கு) விழுங்கிவிடும். தனியாகச் சேர்த்துப் பயனில்லை. கிராமப்புற மாநிலங்களில் கடனின் போக்கே வேறு என்று நினைத்தால், கிராமப்புறப் பங்கை ஆண்டோடு பெருக்கிச் சேர்க்கலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். காப்பீடு உள்ளவர்களின் விகிதம் கடனோடு நெருங்கிய தொடர்புடையது, சேர்த்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. விரிவாக்கம் காப்பீட்டைக் கூட்டித்தான் கடனைக் குறைக்கிறது. அந்த விகிதத்தை ஆண்டுதோறும் சமன் செய்தால், காப்பீடு அதிகரிக்காமலே கடன் குறைந்ததா என்று கேட்டதாகிவிடும். பலன் போகும் வழியையே அடைத்துவிடுகிறோம்! விரிவாக்கத்துக்குப் பிந்தைய குடும்ப வருமானத்திலும் இதே ஆபத்து உண்டு, ஏனென்றால் அதையும் கொள்கை தொட்டிருக்கலாம்.

அதனால் சமன்செய் மாறியின் மதிப்பு எந்த ஆண்டுக்குரியது என்பது முக்கியம். பொருளியல் ஆய்வாளர்கள் பிரான்ட்லி கேலவேயும் பெட்ரோ சான்டானாவும் 2021இல் வெளியிட்ட முறையில், ஒரே ஆண்டில் கொள்கையை அமலாக்கிய மாநிலங்களின் ஒவ்வொரு தொகுதிக்கும் அமலுக்கு முந்தைய மதிப்பே எடுக்கப்படுகிறது. ஆண்டுத் தரவில் பென்சில்வேனியாவை ஒப்பிடும்போது 2014இன் வேலையின்மை விகிதம், லூசியானாவை ஒப்பிடும்போது 2015இன் விகிதம். அப்புறம், எதிரே நிற்கும் டெக்சஸுக்கும் அந்தந்த ஒப்பீட்டில் அதே ஆண்டின் விகிதம்தான்.