மூலையில் ஒரு வீல்சேர் பட்டன்

போன வாரமும் அதே பதில்தான். ஒரு கல்லூரியின் ஆன்லைன் விண்ணப்பத்தைச் சோதித்துத் தரக் கேட்டிருந்தார்கள். பார்வையில்லாத மாணவி ஒருவர் பிறந்த தேதியைத் தாண்ட முடியவில்லை என்று புகார் அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால், மவுஸால் தொட்டால் மட்டும் திறக்கும் காலண்டர். போனில் சொன்னேன். "அதான் மூலைல வீல்சேர் படம் போட்ட பட்டன் வச்சிருக்கோமே சார்!"

அந்தப் பட்டனைப் பற்றி ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், பக்கத்தைப் படித்துக் காட்டும். சரி. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. கன்ட்ரோலும் பிளஸ்ஸும் போதும். படித்துக் காட்டுவதா? கம்ப்யூட்டரில் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஏதோ ஒரு ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் பார்வையில்லாதவர் உங்கள் தளத்துக்கே வந்து சேர்கிறார். அது இல்லாதவர் மூலையில் இருக்கும் பட்டனை எப்படிக் கண்டுபிடிப்பார்? இருப்பவருக்கு அந்தப் பட்டன் எதற்கு? இரண்டு குரல்கள் ஒன்றாகப் பேசிக் காதைக் குடைவதுதான் மிச்சம். காலண்டரோ அசையாமல் அங்கேயே நிற்கிறது. இந்தப் பட்டனுக்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறார்கள்.

தமிழ்த் தளங்களுக்கென்று தனி வியாதி ஒன்று உண்டு. அறிவிப்பை பாமினி எழுத்துருவில் தட்டி பிடிஎஃப் ஆக்கிப் போடுவது. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைப்பது எம், கே, செமிகோலன், கே, எச். யூனிகோடில் தட்டுங்கள் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்து ஏற்றுபவர்களிடம் பேசத் தெம்பில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. ஆளை அடையாளம் சரிபார்க்கக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி முறையால் ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்கள் தவித்த வழக்கில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. இனியும் 'அப்புறம் பார்க்கலாம்' வேண்டாம்.

இன்றே மவுஸைக் கழற்றி வையுங்கள். டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்து உங்கள் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் அவர்களும் சிக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் வேண்டும். தட்ட ஆரம்பித்ததும் மறையும் சாம்பல் எழுத்து லேபிள் ஆகாது. அந்தச் சாம்பலும் வேண்டாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருக்கட்டும். பிழையைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டாமல் எழுத்திலும் சொல்லுங்கள். படத்துக்கு அதில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை, வீடியோவுக்கு வசன வரி. பக்கத்தின் மொழி தமிழ் என்று அதன் நிரலில் குறியுங்கள். விட்டுவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துத் துப்பும்.

அந்தக் காலண்டரை எடுத்துவிட்டு நாள், மாதம், வருடம் என்று தட்டச்சு செய்ய மூன்று கட்டங்கள் வைத்தோம். அரை நாள் வேலை. அதற்குள் அந்த மாணவி தன் அண்ணனை உட்கார வைத்து விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருந்தார்.