பென்சிலுக்குள் ஓர் அப்பளக் கட்டு

"மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டேதான் கணக்குப் போடுகிறாள். உள்ளே இருக்கும் ஈயம் வயிற்றுக்குள் போய்விடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போகாது. கறுப்பாக எழுதும் அந்தக் குச்சியில் ஈயமே கிடையாது. இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். (மேல்பூச்சையும் மரத்தூளையும் தின்பது நல்லதில்லை, அது வேறு விஷயம்.)

குழப்பம் பழையது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் வழவழவென்று ஒரு கறுப்புக் கனிமம் கிடைத்தது. ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்து 'கறுப்பு ஈயம்' என்றார்கள். அது கார்பன்தான் என்று வேதியியலாளர் ஷீலே 1779-ல் காட்டினார். 1789-ல் கனிமவியலாளர் வெர்னர் அதற்கு கிராஃபைட் என்று பெயரிட்டார். 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனாலும் இன்றுவரை கடையில் 'லெட்', அதாவது ஈயம், என்றுதான் கேட்கிறோம்.

பிரிட்டனுடன் போர் மூண்டதில் பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் கிடைக்காமல் போனது. 1795-ல் கான்டே என்பவர், இருந்த கிராஃபைட்டைப் பொடியாக்கி, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். களிமண் கூடினால் கடினம், அது பென்சில் மேல் போட்டிருக்கும் 'எச்' பக்கம். கிராஃபைட் கூடினால் கருமை, அது 'பி' பக்கம். இன்றைய பென்சிலும் ஏறக்குறைய இப்படித்தான் தயாராகிறது.

சரி, எழுதும்போது என்ன நடக்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். கிராஃபைட்டை ஓர் அப்பளக் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அப்பளத்திலும் கார்பன் அணுக்கள் தேன்கூடு போல அறுங்கோணங்களாக இறுகக் கைகோத்திருக்கின்றன. ஆனால் ஓர் அப்பளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பது லேசான ஈர்ப்புதான். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் சுமார் 30 லட்சம் அடுக்குகள்! கண்ணுக்கு மொழுமொழுவென்று தெரியும் காகிதம், நெருங்கிப் பார்த்தால் நார்க்காடு. அந்த நார்கள் உரசும்போது அடுக்குகள் கொத்துக்கொத்தாக வழுக்கிக் கழன்று மாட்டிக்கொள்கின்றன. உங்கள் கையெழுத்து அதுதான்.

அப்பளம் ஒட்டாமலிருக்க இடையில் மாவு தூவுவோம் இல்லையா? கிராஃபைட்டுக்கும் மாவு வேண்டும்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மிக உயரே பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் இருந்த கார்பன் பிரஷ்கள் (சுழலும் பாகத்தோடு உரசி மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட் துண்டுகள்) மளமளவென்று தேய்ந்துபோயின. அங்கே காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. அடுக்குகளின் ஓரங்களில் ஜோடி இல்லாமல் நிற்கும் அணுக்களை நீர் மூலக்கூறுகள்தான் மூடி வைக்கின்றன. அவை இல்லாவிட்டால் ஓரங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், வழுக்கல் போய்விடும்.

அந்தக் கட்டிலிருந்து ஒரே ஓர் அப்பளத்தைப் பிரித்தெடுக்க முடியுமா? 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் செலோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிரித்தே எடுத்துக் காட்டினார்கள். அதுதான் கிராஃபீன். 2010-ல் நோபல் பரிசு வந்தது. நம் ஊரில் ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பத்தில் "செலோடேப், சும்மா ஒட்டிப் பார்க்க" என்று எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

நானும் நான்காம் வகுப்பில் ஓர் ஆராய்ச்சி செய்தேன். பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகிவிடும் என்று வகுப்பே நம்பிக்கொண்டிருந்தது. செலவு ஒரு டம்ளர் பால், அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது. மூன்றாம் நாள் நாற்றம் வந்தது; ரப்பர் வரவில்லை.