குரோஷே: பெயரிலேயே ஒரு கொக்கி

நாங்கள் நாலு பேர் ஞாயிறு மதியங்களில் கூடி, முனை வளைந்த ஒற்றைக் கருவியால் நூலைப் பின்னும் குரோஷே பழகுகிறோம். நூலுக்குச் செலவில்லை. ஒருத்தி திருப்பூரிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்து போட்டாள்; மற்றவர்கள் வீட்டிலிருந்த பழைய டி-ஷர்ட்டுகளை எடுத்து வந்தோம். முதல் நாளே பெயரில் தகராறு. கடைக்காரர் ‘குரோஷா ஊசி’ என்று கொடுத்தார். வீடியோவில் ‘குரோஷே’. அட்டையைப் பார்த்து ஒருத்தி ‘குரோசெட்’ என்று எழுத்துக் கூட்டினாள். இந்தி பேசும் பக்கத்து வீட்டு அக்கா ‘குரோஷியா’ என்றார். அது கால்பந்து ஆடுகிற நாடாச்சே!

சொல் பிரெஞ்சு. ‘குரோஷ்’ என்றால் கொக்கி, ‘குரோஷே’ என்றால் சின்னக் கொக்கி. கடைசியில் ஒரு ‘ட்’ எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். இதன் வேர், ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘குரோக்ர்’. இடையனின் வளைந்த கோலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘குரூக்’கும் அந்த வேர்தான். ஜெர்மன்காரர்கள் ‘ஹேகெல்ன்’ என்றும் டச்சுக்காரர்கள் ‘ஹாக்கன்’ என்றும் சொல்வதிலும் இருப்பது கொக்கியே. கையில் பிடித்த கருவியை வைத்தே எல்லாரும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் தமிழில் ஏன் வெறும் ‘பின்னல்’ என்கிறோம்? சடையும் பின்னல், கூடையும் பின்னல், திருப்பூரின் பின்னலாடையும் பின்னல். இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசை முழுக்க ஊசியில் தொங்கும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு சுருக்குதான் கருவியில் நிற்கும். ‘தையல்’ என்பதும் பொருந்தாது. ‘ஊசி’கூடச் சரியில்லை, அதற்குக் காதும் கிடையாது, துணியைக் குத்தவும் செய்யாது. என் ஓட்டு ‘கொக்கிப் பின்னல்’ என்பதற்கு. கருவியைப் ‘பின்னல் கொக்கி’ எனலாம். கொக்கின் மூக்கிலிருந்து கொக்கி வந்தது என்பார்கள். கொக்கின் மூக்கு நேராகத்தானே இருக்கிறது? வளைவைக் குறிக்கும் ‘கொக்கரை’ என்ற பழைய சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

கொக்கியில் நிற்கும் அந்தச் சுருக்குக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், ‘கண்ணி’ இருக்கிறது. மீன்வலையில் கண்ணி, பறவைக்கு வைப்பது கண்ணி, தலையில் சூடிய பூவும் கண்ணி, இரண்டடியாகத் தொடுத்துக்கொண்டே போகும் பாட்டும் கண்ணி. ‘ஸ்டிச்’ என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இரண்டாம் வாரமே ‘ஏழாவது கண்ணி’ என்று எண்ண ஆரம்பித்துவிட்டோம்.

பனியன் துணியை அக்குளுக்குக் கீழே இருந்து சுற்றிச் சுற்றி, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் ஒரே நீளமாக வரும். இழுத்துவிட்டால் இரு ஓரமும் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும், பிசிறும் தெரியாது. பழைய சேலையைக் கிழித்தால் இப்படிச் சுருளாது, நூல் நூலாகப் பிரியும். இந்தக் கயிற்றைப் பாவாடை நாடா நினைவில் ‘பனியன் நாடா’ என்று கூப்பிடுகிறோம். தடிமனான நாடா என்பதால் 10 மில்லிமீட்டர் கொக்கி தேவைப்பட்டது.

பெயரில் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். அமெரிக்கர்கள் ‘சிங்கிள் குரோஷே’ என்னும் குட்டைக் கண்ணியை பிரிட்டிஷார் ‘டபுள்’ என்கிறார்கள். அமெரிக்க ‘டபுள்’ அதைவிட உயரமான வேறு கண்ணி. நான் வைத்திருந்தது பிரிட்டிஷ் குறிப்பு, பார்த்துப் பழகியது அமெரிக்க வீடியோ. குட்டைக் கண்ணிக்கு உரிய கணக்கில் உயரக் கண்ணியைப் போட்டுக்கொண்டே போனேன். சுற்றுக்குச் சுற்று விளிம்பு போதாமல் இறுகி, மிதியடியாக வரவேண்டியது கிண்ணமாகக் குழிந்து நின்றது. அவிழ்க்க மனசு வரவில்லை. இப்போது மொட்டை மாடியில் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.