சி மைனருக்குப் பயந்தால் காதல் பாட்டு வராது

மார்த்தாண்டத்தில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாண சீசன் வந்துவிட்டால் வகுப்பில் ஒரு தனி ரகம் ஆள் சேரும்: மாப்பிள்ளை. "ரிசப்ஷன்ல அவளுக்கு ஒரு பாட்டு பாடணும் சார். ஒரு மாசம் கெடக்குல்லா? நாலு கார்டுதானே!" (கார்டு என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல்பிடி.) பெரும்பாலும் சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் நின்றவராக இருப்பார். சுதி சேரும், தாளம் நிற்கும். ஆனால் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார். பாடுவதற்காகக் கேட்பது வேறு, பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பது வேறு.

போன வருஷம் ஒருவர் வந்தார். கொண்டுவந்த பாட்டு ஒரே கிட்டார், ஒரே குரல். நெட்டிலிருந்து கார்ட்ஸ் எடுத்து பிரிண்ட் போட்டிருந்தார்: ஜி, டி, ஈ மைனர், சி. அந்தத் தாளில் பாட்டின் எலும்பு இருந்தது, சதை இல்லை.

மூலப் பதிவில் கிட்டார்காரர் பிடிப்பது வெறும் சி, டி அல்ல. சி ஆட் நைன், டி சஸ் ஃபோர், ஈ மைனர் செவன். அதே கார்டுகளில் ஒரு ஸ்வரத்தைக் கூட்டியோ மாற்றியோ பிடிப்பவை. எந்தக் கார்டுக்கு மாறினாலும் மோதிர விரலும் சுண்டு விரலும் முதல் இரண்டு கம்பிகளின் மூன்றாம் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விட்டு நகர்வதில்லை. அங்கே இருக்கும் ஸ்வரங்கள் டி-யும் ஜி-யும். ஜி-யை ஆதாரமாக வைத்தால் பஞ்சமமும் சட்ஜமும். தம்புரா மீட்டுவது இதைத்தானே? கீழே பாஸ் மாறிக்கொண்டே இருக்க, மேலே ச-வும் ப-வும் நின்று ஒலிக்கின்றன. கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ ஒரு நிம்மதி மட்டும் தெரியும். கார்டு தாளில் இந்த "ஆட்", "சஸ்" எல்லாம் அலங்காரம் என்று வெட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். பல்லவி முடிகிற இடத்தில் சி வந்து, உடனே சி மைனர் வருகிறது. தாளில் அது இல்லவே இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. பாரே கார்டு, ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு அழுத்த வேண்டும், புதியவர்களுக்கு வலிக்கும். ஆனால் பாட்டின் உயிர் அங்கேதான். அதுவரை சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் போய்க்கொண்டிருந்த பாட்டில் சதுஸ்ருதி தைவதம் (மேல் 'த') ஒரு கணம் அரை ஸ்வரம் கீழே, சுத்த தைவதமாக இறங்குகிறது. கர்நாடக இசை தெரிந்தவர் காதில் சரசாங்கி ராகத்தின் சாயை தட்டும். இரண்டாம் கம்பியில் பாட்டு முழுக்க அசையாமல் நின்ற பஞ்சமமும் அங்கேதான் முதல் முறையாக விலகி, அதே சுத்த தைவதத்துக்கு ஏறுகிறது. சந்தோஷமான பாட்டில் ஏன் தொண்டை அடைக்கிறது என்றால் இதனால்தான். வரியில் அந்த இடத்தில் சோகமே இல்லை.

அந்த ஒரு கார்டுக்கே இரண்டு வாரம் ஆயிற்று.

சுதிக்கு வருவோம். மூலப் பாடகர் நாலாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) போட்டு ஜி வடிவங்களைப் பிடிக்கிறார். அதாவது பாட்டு நிற்பது பி-யில், நம்மூர்க் கணக்கில் ஏழு கட்டை. மெட்டு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை, சரியாக ஒரு ஸ்தாயி. பி-யில் அந்த மேல் பஞ்சமம் எஃப் ஷார்ப். நம் மாப்பிள்ளைக்கு அங்கே கழுத்து நரம்பு புடைத்தது. கத்திப் பாடினால் அது காதல் இல்லை, கோரிக்கை. கேப்போவைக் கழற்றினேன். நாலு அரை ஸ்வரம் இறங்கியது, விரல் வடிவம் ஒன்றும் மாறவில்லை, உச்சம் டி-யில் வந்து உட்கார்ந்தது. மூலச் சுதியிலேயே பாடவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

நடை திஸ்ரம், மூன்று மூன்றாக. ஆறு எட்டு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், நடு, ஆள்காட்டி என்று ஆறு மீட்டல் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 58 பீட். பாடகர் பீட்டோடு சேர்ந்து வார்த்தையைத் தொடங்குவதே இல்லை. கட்டைவிரல் விழுந்து ஒரு மீட்டல் கழித்துத்தான் வாயைத் திறக்கிறார். அனாகத எடுப்பு. சொல்லத் தயங்குகிறவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். நம் ஆள் பாடகர் குழுப் பழக்கத்தில் டாணென்று பீட்டிலேயே தொடங்குவார். "மக்ளே, பாதிரியாருக்குப் பதில் சொல்லல்ல நீ, அந்தப் பிள்ளைகிட்டப் பேசுக" என்று சிரித்தேன்.

ரிசப்ஷன் அன்று நானும் போயிருந்தேன். மேடையில் ட்ரூப் இருந்தது. கீபோர்டுகாரர் உதவி செய்வதாக நினைத்து ஸ்லோ ராக் ஸ்டைலைத் தட்டிவிட்டார். நடை சரிதான், தப்புச் சொல்ல முடியாது. "இழுக்குது" என்று வேகத்தை 72க்கு ஏற்றினார். கூடவே ஆக்டோபேட், அதாவது எலக்ட்ரானிக் ட்ரம். விரல் மீட்டல் கேட்கவில்லை என்று மாப்பிள்ளை பாக்கெட்டிலிருந்து பிக்கை (மீட்டும் சின்னத் தகடு) எடுத்து ஸ்ட்ரம்மிங், அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து வீச, ஆரம்பித்தார். நமது காது கூர்மையாக இருப்பதும் சொல்லின் மெய்யெழுத்துகள் தெளிவதும் சுமார் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். பிக் கம்பியில் உரசும் சத்தமும் சிம்பல் சத்தமும் அங்கேயேதான் வந்து குவியும். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. சி மைனர் வரும்போது கீபோர்டில் சி மேஜர். இரண்டு தைவதமும் ஒன்றோடொன்று மோதின. கைதட்டல் மட்டும் நன்றாகவே கிடைத்தது.

தப்பு எனக்கும் உண்டு. சவுண்ட்காரரிடம் முன்பே போய், கிட்டாருக்கு ஒரு மைக், குரலுக்கு ஒரு மைக், எதிரொலி குறைவு, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லிவிடுகிறேன். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நம் குமரி மாவட்டத்தை நனைக்கிறது என்பதால் இன்னொன்றும்: ஈரத்தில் கிட்டார் மரம் ஊதி கம்பி மேலே எழும்பும், பிடிப்பது கஷ்டமாகும். குளச்சல் பக்கத்து உப்புக்காற்றில் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துச் செத்த சத்தம் தரும். விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு புதுக் கம்பி போடுங்கள். அன்று காலையில் போட்டால் சுதி நிற்காது.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை மனைவியோடு வகுப்புக்கு வந்தார். மைக் இல்லை, கேப்போ இல்லை. மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வாசித்தார். சி மைனர் சுத்தமாக விழுந்தது. அந்தப் பெண் முழுக்கக் கேட்டுவிட்டு அவரிடம் கேட்டது:

"நல்லாயிருக்கே! இத ஏன் ரிசப்ஷன்ல பாடல்ல?"