இருநூறு மைக்ரானுக்கு ஒரு வர்க்கமூலம்

"உடம்பில் எந்த ரத்தக்குழாய் எங்கே போக வேண்டும் என்று டிஎன்ஏவில் வரைபடம் இருக்கிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரிய குழாய்களுக்கு ஓரளவு இருக்கிறது. ஆனால் தந்துகிகள் என்ற கோடிக்கணக்கான மிக மெல்லிய குழாய்களுக்குத் தனித்தனியாக முகவரி எழுத அங்கே இடமேது? ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குக்கூட விழித்திரைக் குழாய்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சரி, வரைபடம் இல்லாமல் வலை எப்படி வருகிறது? இத்தாலியின் டுரின் நகர ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. மாட்ரிஜெல் என்ற கூழ் பூசிய தட்டில், ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களைத் தூவிவிட்டார்கள். அரை நாளில் அவை தாமாக நகர்ந்து, கோத்துக்கொண்டு, மீன்வலைபோல் ஆகிவிட்டன. ஒரு கண்ணியின் இழை சராசரியாக 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). செல்களைக் கொஞ்சம் கூட்டித் தூவினாலும் அதே 200தான்.

அந்த அளவை யார் தீர்மானித்தது? ஒவ்வொரு செல்லும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைக் கசியவிடுகிறது. பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் வாசம் வருகிற பக்கம் நம் கால் போகுமே, அப்படித்தான் செல்களும் செறிவு கூடும் திசையில் ஊர்கின்றன. வாசம் எவ்வளவு தூரம் எட்டும்? அது பரவும் வேகத்தையும் அழியும் நேரத்தையும் பொறுத்தது. பரவலை அளக்கும் விரவல் கெழு நொடிக்கு சுமார் 10 சதுர மைக்ரான். அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் நேரம், சுமார் 64 நிமிடம், அதாவது 3,840 நொடி. இரண்டையும் பெருக்கினால் 38,400 சதுர மைக்ரான். அதை நீளமாக்க வர்க்கமூலம் எடுத்தால் 196 மைக்ரான்! பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக்சிஜனும் குழாயிலிருந்து ஓரிரு நூறு மைக்ரானுக்கு மேல் விரவிப் போய்ச் சேராது. அதனால் கண்ணி இதைவிட ரொம்பப் பெரிதானால் நடுவில் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறும்.

தட்டில் தூவும் செல்கள் சதுர மில்லிமீட்டருக்கு நூறுக்கும் கீழே போனால் வலை துண்டு துண்டாகிறது. மிகவும் கூட்டினால் ஆப்பத்துப் பொத்தல்கள்போல் ஆங்காங்கே ஓட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன.

இந்த வேலையில் உயிரியலாளர்களும் கணிதக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நம் ஊரிலோ கணக்குக்குப் பயந்துதான் பலர் பியூர் சயின்ஸ் குரூப்பே எடுக்கிறோம். இரண்டு துறையும் சேர்ந்து நிதி கேட்டால், "இது யார் கணக்கில் வரும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

தட்டில் ரத்தம் ஓடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பில் ஓட்டம் தொடங்கியதும் ஓட்டமுள்ள குழாய் தடிக்கும், இல்லாதது சுருங்கி மறையும். அங்கே வர்க்கமூலம் போய்க் கனம், அதாவது முப்படி, வந்துவிடும்: தாய்க்குழாய் ஆரத்தின் கனம், கிளைகளின் ஆரக் கனங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று உடலியலாளர் சிசில் மர்ரி 1926இலேயே கணக்குப் போட்டிருக்கிறார்.