பெட்டிக்குள் இருக்கும் பிள்ளை

மாரி மழை ஓய்ந்து ஜனவரி பிறந்தால் திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும். அதோடு பிள்ளைகள் வேடமிட்டு வரும் வினோத உடைப் போட்டியும். கேத்தல், குத்துவிளக்கு, சுளகு, பிரிட்ஜ் என்று வீட்டுச் சாமான் எல்லாம் மைதானத்தில் நடந்து வரும். வாடகைக்கு எடுத்த உடையைவிட, அம்மாவும் பெரியம்மாவும் இரவிரவாக இருந்து வெட்டி ஒட்டிய காட்போட் பெட்டிதான் எனக்குப் பிடிக்கும். செய்யுங்கள். ஆனால் ஒட்டத் தொடங்குமுன் ஒரு வைத்தியராக நான் சொல்வதைக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் பிரிட்ஜ் வேடமிட்ட 7 வயதுப் பையனை மைதானத்திலிருந்து நேரே என்னிடம் தூக்கி வந்தார்கள். சுற்றிவர டேப், கைகள் உள்ளே, முகத்துக்கு ஒரு சின்னச் சதுரம். 9 மணிக்கென்ற போட்டி 11 மணி தாண்டியும் தொடங்கவில்லை. பிள்ளை சரிந்த பிறகு டேப்பை வெட்டிக் கழற்றவே நேரம் போயிருக்கிறது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாந்தி, தலையிடி வேறு. மின்விசிறி, ஈரத்துணி, கொஞ்சம் கொஞ்சமாக ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு மணித்தியாலத்தில் எழும்பி உட்கார்ந்து, "அம்மா, பரிசு குடுத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது காயாது. நம்முடைய கடற்கரைக் காற்றிலோ முன்பே ஈரம் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைப்போல் வியர்ப்பதுமில்லை. பிள்ளை பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ வாயில் எதுவும் கொடுக்காமல், உடையைக் கழற்றி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆகவே, எப்படிக் கழற்றுவது என்பதிலிருந்து உடையைத் தொடங்குங்கள். தோளில் இரண்டு துணிப்பட்டி, பக்கங்களில் வெல்குரோ. பிள்ளை தானே இழுத்தால் கழன்றுவிட வேண்டும். நெற்றியிலிருந்து நாடி வரை முகம் திறந்திருக்கட்டும். கை இரண்டும் வெளியே இருக்கட்டும், தடுக்கி விழுந்தால் ஊன்றுவதற்குக் கை வேண்டுமே. பெட்டியின் கீழ் விளிம்பு முழங்காலுக்கு மேலே நிற்கட்டும். முதல்நாள் வீட்டில் போட்டு நடக்கவிட்டு, உட்காரவிட்டுப் பாருங்கள். போட்டியன்று பெயர் கூப்பிடும் வரை உடை உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்தது பலரும் நினைத்துப் பார்க்காதது. குத்துவிளக்குச் சுடருக்காக வாங்கும் சின்ன மின்விளக்குகளுக்குள் வட்டமான வெள்ளி நிற பற்றரி இருக்கும். 20 மில்லிமீற்றர் அகலமான ஒன்றைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், அதன் மின்னோட்டம் அங்கே கடுமையான காரத்தை உண்டாக்கிச் சுற்றியுள்ள சதையை அரித்துவிடும். இரண்டே மணித்தியாலத்தில் கடுமையான புண் உண்டாகலாம். பெரும்பாலும் விழுங்குவது வேடம் போட்ட பிள்ளையல்ல, வீட்டில் தவழுகிற தம்பி தங்கை. வீணீர் வடிந்தாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ, பற்றரி ஒன்றைக் காணவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். சுடருக்கு மஞ்சள் டிஷ்யூ தாளே போதும், தூரத்திலிருந்து பார்க்க அதுதான் அழகு.

நிஜத் தீ வேண்டவே வேண்டாம். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டை சட்டென்று பற்றி உருகி ஒட்டும். குளூ கன் பசை கிட்டத்தட்ட 190 பாகை வரை சூடாகும், அதைப் பெரியவர்கள் பிடியுங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், பற்பசை பூசக் கூடாது. வெள்ளி எனாமல் பெயின்ற் பெட்டிக்குத்தான், முகத்துக்கல்ல. அதை எடுக்கத் தின்னர் போட்டுத் தேய்த்து, தோல் வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களே, வினோத உடையை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போடுங்கள். பிரதம விருந்தினர் வரப் பிந்தினால் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைக்காமல் நடத்தி முடியுங்கள். அவருக்குக் காட்டப் படம் இருக்கும்.